ஒரு ஸ்பூன் உறை மோர், நாலு சாரி

போன வாரம் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு எதிர் வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். கையில் சின்னக் கிண்ணம். "ஆன்ட்டி, சாரி... ரொம்ப சாரி. உறை மோர் கொஞ்சம் கிடைக்குமா? ஆப்ல பார்த்தேன், தயிர் ஸ்டாக் இல்லைன்னு காட்டுது. சாரி ஆன்ட்டி, இந்த நேரத்துல..." வாங்கிக்கொண்டு படி தாண்டும்போது நாலாவது சாரி. குடிவந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் அவள் கேட்டு வாங்கிய முதல் பொருள் அதுதான்.

அந்த நாலு சாரியும் மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது பாளையங்கோட்டையில் ஒரு வளவு வீட்டில். ஆறு வீடு, ஒரு கிணறு, முற்றத்தில் ஒரு ஆட்டுரல். தயிருக்கு ஒரு குணம் உண்டு. உறையில் இருக்கும் பாக்டீரியா பாலின் சர்க்கரையைப் புளிப்பாக்குவதால்தான் பால் தயிராகிறது. கொதிக்கிற பாலில் உறை விட்டால் அது செத்துவிடும், காலையில் பால் பாலாகவே கிடக்கும். அதே உறையைத் திரும்பத் திரும்ப விட்டால் புளிப்பு ஏறும், சில சமயம் தயிர் நூல் விடும். எங்கள் வீட்டில் அப்படி ஆனதும், "ஏட்டி, ஆச்சிகிட்ட உறை மோர் வாங்கிட்டு வா" என்று அம்மா என்னை விரட்டுவாள். ஆச்சி வீட்டுத் தயிர் கெட்டால் எங்கள் வீட்டிலிருந்து போகும். எந்த வீட்டுத் தயிரிலிருந்து எது வந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

சர்க்கரை, காப்பிப்பொடி எல்லாம் ஆழாக்குக் கணக்கு. லிட்டரும் கிலோவும் கடைக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தும் அடுக்களையில் அந்த 168 மில்லிப் பாத்திரம்தான் ஆட்சி செய்தது. வாங்கும்போது விரலால் தலைதட்டி வாங்கி வருவேன். திருப்பும்போது அம்மா கோபுரமாகக் குவித்துக் கொடுப்பாள். அது சிந்தாமல் முற்றத்தைக் கடக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். விளக்கு வைத்த பிறகு உப்பும் தயிரும் கேட்கக் கூடாது என்பதால், நாலு மணிக்கே டப்பாக்களைத் திறந்து பார்த்துவிடுவாள் அம்மா.

பெரிய இரவல் என்றால் கேஸ் சிலிண்டர்தான். எங்களுக்கு இருந்தது ஒன்றே ஒன்று. பதிந்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாதிக் குழம்பில் அடுப்பு அணைந்தால் கடைசி வீட்டு மைனி தன்னிடம் இருக்கும் நிறை சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, எங்கள் காலி சிலிண்டரை எடுத்துக்கொண்டு போவார்கள். எங்களுக்கு வந்ததும் மாற்றிக்கொள்வோம். அவ்வளவுதான்.

என் அடுக்களையில் இப்போதும் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருக்கிறது. அடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும், பக்கத்தில் 12.9.85 என்று தேதி. எங்கள் வீட்டுப் பெயர் இல்லை, மைனி வீட்டுப் பெயர். பாத்திரக் கடையில் ஏன் பெயர் வெட்டித் தந்தார்கள் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். கிண்ணம் வீடு வீடாகப் போகும் என்று வாங்கும்போதே தெரியும், அதனால்தான். வரும்போது வெறுமையாக வராது என்பதும் தெரியும். நாலு முறுக்காவது, ஒரு கைப்பிடி வறுத்த கடலையாவது இருக்கும்.

அந்தக் காலத்தில் எல்லாரும் எல்லாருக்கும் கொடுத்து வாழ்ந்தோம் என்று நான் எழுதினால் அது பொய். ஆறு வீடும் ஒரே சாதி. பாத்திரம் கழுவ வந்த அக்காவுக்கு எங்கள் வீட்டுச் சோறும் குழம்பும் தினமும் போகும். அவர் வீட்டுக் குழம்பு ஒரு நாளும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. பொங்கலுக்கு ஒருமுறை அவர் கொண்டுவந்த பனங்கிழங்கை வாங்கிவைத்தோம், ஆனால் யாரும் தொடவில்லை. அவர் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. நாங்கள் கொடுத்துக்கொண்டேதான் இருந்தோம். ஆனால் அவரிடமிருந்து எதையும் கேட்கவும் இல்லை, வந்ததைச் சாப்பிடவும் இல்லை. அவரைச் சமமாக நினைக்கவில்லை என்பதை அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்?

ஆத்திசூடியில் 'ஏற்பது இகழ்ச்சி', 'ஐயமிட்டு உண்', 'ஒப்புரவு ஒழுகு' மூன்றும் அடுத்தடுத்து வரும். முதல் இரண்டையும் நன்றாகவே பிடித்துக்கொண்டோம். சென்னை பெசன்ட் நகரில் 2017-இல் 'அய்யமிட்டு உண்' என்ற பெயரிலேயே பொதுக் குளிர்பெட்டி வைத்தார்கள், பசித்தவர் எடுத்துக்கொள்ளலாம். அருமையான காரியம், நானும் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவிலும் 'பழைய சைக்கிள், வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம்' என்று வாரம் ஒரு பதிவு வருகிறது. 'எனக்கு ஏணி வேணும், யார்கிட்ட இருக்கு?' என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. பிச்சையைப் பற்றிச் சொன்ன 'ஏற்பது இகழ்ச்சி'யைக் கறிவேப்பிலை வரைக்கும் இழுத்துவிட்டோம். மூன்றாவது இருக்கிறதே, ஒப்புரவு, ஒருவருக்கொருவர் உதவி வாழ்வது, அது கொடுப்பது மட்டும் இல்லை. வள்ளுவரும் ஒப்புரவுக்கு ஒரு அதிகாரம், ஈகைக்கு வேறொரு அதிகாரம் என்று தனித்தனியாகத்தான் வைத்தார்.

2015 டிசம்பரில் வேளச்சேரியில் தண்ணீர் ஏறியபோது எங்கள் கீழ்த்தளம் மூழ்கியது. மூன்று நாள் கரண்ட் இல்லை. நாலு குடும்பம் ஒரே அடுப்பில் சமைத்தோம். கீழ்வீட்டுத் தாத்தாவின் அரிசி, எங்கள் பருப்பு, மாடிவீட்டு மெழுகுவர்த்தி. அப்போது ஒருத்தரும் சாரி கேட்கவில்லை. தண்ணீர் வடிந்தது, வீடு கழுவினோம், கதவுகள் பழையபடி சாத்திக்கொண்டன.

'யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாது' என்பதை நாம் மரியாதை என்று நினைக்கிறோம். என்னிடம் ஒன்றும் கேட்காத வீட்டில் போய் நான் எப்படிக் கேட்பேன்? எனக்கு அந்தப் பெண் மேல் வருத்தம் இல்லை, என் மேல்தான் வருத்தம். ஒன்றரை வருஷத்தில் தீபாவளிப் பலகாரம் கொடுத்தேன், பொங்கல் கொடுத்தேன். நான் அவளிடம் எதுவுமே கேட்டதில்லையே.

நேற்று எங்கள் மிக்சி ஜாரில் கப்ளர் தேய்ந்து பிளேடு சுற்றவில்லை. போனை எடுத்துப் புது ஜார் தேடிக்கொண்டிருந்தவள், அதை வைத்துவிட்டுப் போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "ஏம்மா, ஒரு தேங்காய்த் துவையல் அரைக்கணும். உன் மிக்சி கொஞ்சம் வேணுமே."

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. நான் கை நீட்டுவதற்குள் மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் அடுக்களை மேடையில் வைத்துவிட்டு, "எந்த ஜார் வேணும் ஆன்ட்டி, சின்னதா பெருசா?" என்றாள்.

சின்ன ஜாரில் பாதித் துவையலோடு சாயங்காலம் திருப்பிக் கொடுத்தேன். விளக்கு வைப்பதற்கு முன்னால்.