‘உங்களுக்குத் தெரியாததா!’

நேர்காணல் எடுத்துப் பழகியவர்கள் இந்த வாக்கியத்தைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். நம் சமூகத்து ஆட்களிடமே பேசப் போனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும். கேட்க இதமாகத்தான் இருக்கும், நம்மையும் அவர்களில் ஒருவராக எடுத்துக்கொண்டார்களே என்று. தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

அப்படி நான் எடுத்த ஒலிப்பதிவுகளை ஒருமுறை எழுத்தில் இறக்கும்போதுதான் உறைத்தது. முக்கியமான இடம் வரும்போதெல்லாம் அந்த வாக்கியம், என்னுடைய ‘ஆமா ஆமா’, அப்புறம் வேறு பேச்சு. அதே ஆட்களிடம் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசிய வெளிநாட்டு ஆய்வாளரின் பதிவில் பக்கம் பக்கமாக விளக்கம். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று பாவப்பட்டு, உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

‘எங்களைப் பற்றி எங்களவர்தான் ஆய்வு செய்ய வேண்டும்’ என்று யாராவது சொல்லும்போது இதுதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. உள்ளூர்க்காரரின் கண்ணோட்டத்தைப் பிடிப்பதே இலக்கு என்று 1922-இல் எழுதிய மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கியின் களநாட்குறிப்பு, அவர் இறந்து பல வருடம் கழித்து 1967-இல் வெளிவந்தது. தான் ஆய்வு செய்த ட்ரோப்ரியண்ட் தீவு மக்கள் மீது அவருக்கிருந்த எரிச்சலும் இளக்காரமும் அதில் அப்படியே கிடந்தன.

வெளியாளின் தவறு பெரும்பாலும் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. லைபீரியாவின் க்பெல்லே மக்களிடம் நடந்த சோதனை ஒன்றை ஜோசப் கிளிக் என்ற உளவியலாளர் பதிவு செய்திருக்கிறார். சாப்பாட்டுப் பொருள், கருவி, துணி என்று இருபது சாமான்களைக் கொடுத்து, சேர வேண்டியதைச் சேருங்கள் என்றார்கள். பழம் ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம் என்று பிரிப்பதுதான் ‘சரியான’ விடை. அவர்களோ கத்தியை ஆரஞ்சோடு வைத்தார்கள், வெட்டுவதற்கு அதுதானே வேண்டும் என்று. விவரமானவன் இப்படித்தான் அடுக்குவான் என்றும் சொன்னார்களாம். கடைசியில், சரி, ஒரு முட்டாள் எப்படி அடுக்குவான் என்று கேட்டதும், ஆய்வாளர்கள் எதிர்பார்த்த மாதிரியே கச்சிதமாகப் பிரித்துக் காட்டிவிட்டார்கள்! அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் கிளம்பியிருந்தால், க்பெல்லே மக்களுக்கு வகைப்படுத்தத் தெரியாது என்று ஒரு கட்டுரை வந்திருக்கும். அப்படிக் கிளம்பி வந்தவர்கள் எத்தனை பேரோ.

உள்ளே பிறந்தவருக்கு மட்டும் கதவு தானாகத் திறந்துவிடுமா? சோரா நீல் ஹர்ஸ்டன் கதையைப் பாருங்கள். அமெரிக்க எழுத்தாளர், கறுப்பினப் பெண். நியூயார்க்கின் பார்னார்டு கல்லூரியில் படித்தவர், 1927-இல் சொந்த மாநிலமான ஃப்ளோரிடாவுக்கு நாட்டார் கதை சேகரிக்கப் போனார். கல்லூரித் தோரணை மாறாத பேச்சில், ‘மன்னிக்கவும், உங்களுக்கு நாட்டார் கதைகள் ஏதாவது தெரியுமா?’ என்று கேட்டுத் திரிந்ததை அவரே பின்னாளில் கிண்டலாக எழுதினார். யாரும் சரியாகப் பிடி கொடுக்கவில்லை. வளர்ந்த மண், சொந்த நிறம், எல்லாம் இருந்தும் அந்த உச்சரிப்பு அவரை வெளியே நிறுத்திவிட்டது.

நம் மொழியிலேயே இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது, நாம், நாங்கள். என் பதிவுகளை மறுபடி கேட்டபோது எண்ணிப் பார்த்தேன். ஒரே மனிதர் ஒரே மணி நேரத்தில் ‘நம்ம பக்கம் இப்படித்தான்’ என்கிறார். கடன் பற்றிக் கேட்டதும் ‘எங்க கஷ்டம் எங்களுக்குத்தான்’ என்கிறார். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. பேச்சு படிப்புக்கும் பணத்துக்கும் போனதும் என்னை மெல்ல வாசலுக்கு வெளியே வைத்துவிட்டார். யாரும் ஏதோ ஒரு குழுவுக்கு மட்டும் உரியவர் அல்ல, பலவற்றுக்கு உள்ளேயும் பலவற்றுக்கு வெளியேயும் இருப்பவர் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1972-லேயே வாதிட்டார். அவரிடம் தமிழ் இருந்திருந்தால் இரண்டு சொல்லில் முடித்திருப்பார்.

இப்போது பல ஆய்வுக் கட்டுரைகளில் ‘நானும் இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்’ என்று முன்னுரையில் ஒரு பத்தி வருகிறது. எனக்கு அது நுழைவுச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பது போலத் தோன்றும். அதற்குப் பதில், எந்தெந்தக் கேள்வியில் ‘நாம்’ ‘நாங்கள்’ ஆனது, தெரிந்த விஷயம்தானே என்று எதையெல்லாம் கேட்காமல் விட்டேன் என்று எழுதினால் படிக்கிறவருக்கு உதவும். நான் எழுதிய ஒரு கட்டுரையிலும் அந்த முன்னுரைப் பத்தி இருக்கிறது, மறுக்கவில்லை.

சமீபத்தில் ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். ‘உங்களுக்குத் தெரியாததா’ என்றார். ‘தெரியாதும்மா, சொல்லுங்க’ என்றேன். மேலும் கீழும் பார்த்தார். ‘இதுகூடத் தெரியாம நீ என்னத்தப் படிச்ச?’ என்றார். ‘உங்களுக்கு’ போய் ‘நீ’ வந்துவிட்டது. பிறகு ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.