வேலை முடிஞ்சா காசைக் குடுங்கய்யா!

கோயம்புத்தூர்ல கணபதி, பீளமேடு பக்கம் எந்த லேத் பட்டறையில வேணா கேளுங்க, இதே புலம்பல்தான். கை மேல காசுங்கற பேச்சே செத்துப் போச்சு!

ஆர்டர் குடுத்த கம்பெனிக்குப் பொருள் வேணும்னா ராத்திரி பதினோரு மணிக்கும் போன் வரும். "அண்ணா, காலையில லோடு ஏத்தணும், எப்படியாவது முடிச்சுக் குடுங்கண்ணா." விடிய விடிய மிஷின் ஓட்டி, பொருள் வந்து சேந்ததுக்கான டெலிவரி சலான்ல சீல் வாங்கிட்டு வருவோம். அதுக்கப்புறம் அதே ஆள் போனை எடுக்க மாட்டார். எடுத்தாலும் "பில் பாஸ் ஆகலைங்கண்ணா", "கையெழுத்துப் போடறவர் லீவுங்கண்ணா", "மாசக் கடைசியில பாக்கலாங்கண்ணா". மாசக் கடைசி வந்தா அடுத்த மாசக் கடைசி. கேக்கப் போனா நாம கடன் கேட்டு வந்த மாதிரி ரிசப்ஷன்ல உக்கார வெக்கறாங்க. எங்க காசுங்க அது!

எங்க செலவு எதுவாவது காத்திருக்குமா? சனிக்கிழமை கூலி குடுத்தே ஆகணும். இரும்புக் கடையில ரொக்கம். வயிறு எரியறது ஜிஎஸ்டிலதான். மாசா மாசம் ரிட்டர்ன் போடறவன், பார்ட்டி ஒரு பைசா குடுக்கலைன்னாலும், பில் போட்டதுக்கு அடுத்த மாசம் 20-ஆம் தேதிக்குள்ள வரி கட்டணும். கைக்கு வராத காசுக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டறோம். அந்த வரியை அவங்க கிரெடிட்டா எடுத்து, தாங்க கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கறாங்க. 180 நாள் வரைக்கும் பணம் குடுக்காமலே அதை வெச்சுக்கலாம். இது என்ன நியாயம்?

சட்டம் இல்லாம இல்ல. 2006-லயே குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான எம்எஸ்எம்இ சட்டம் வந்தாச்சு. எழுதி ஒப்பந்தம் போட்டிருந்தாலும் பணம் குடுக்க 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினா ரிசர்வ் வங்கி அறிவிக்கற பேங்க் ரேட்ங்கற வட்டி விகிதத்துக்கு மூணு மடங்கு கூட்டு வட்டி. அந்த வட்டியைக் கண்ணால பாத்த பட்டறைக்காரன் யாராவது இருந்தா சொல்லுங்க! 2024 ஏப்ரல்ல வருமான வரியிலயும் பிடி போட்டாங்க: பொருள் வாங்கினவங்க கெடு தாண்டின பாக்கியை, நிஜமாக் குடுக்கற வருஷத்துலதான் செலவாக் காட்டலாம். உடனே, இதுல இருந்து தப்பிக்க, "சிறுதொழில்னு அரசாங்கத்துல பதிஞ்ச உத்யம் பதிவை ரத்து பண்ணுங்க, இல்லைன்னா ஆர்டர் கிடையாது"ன்னு சப்ளையர் கழுத்தைப் புடிச்சவங்களும் உண்டு.

பாக்கி வராத சிறுதொழில்காரங்களுக்கான அரசாங்க ஆன்லைன் போர்ட்டல்ல புகார் குடுன்னு சுலபமாச் சொல்றீங்க. குடுத்த மறுநாளே நம்ம வேலை பக்கத்துப் பட்டறைக்குப் போயிடும். அது தெரிஞ்சுதான் இழுத்தடிக்கறாங்க.

சலான்ல சீல் வெக்கறப்பவே, பணம் எந்தத் தேதிக்கு வரும்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அந்தத் தேதியில போட்டு விடுங்க. எங்க கூலியைத்தான் கேக்கறோம்.