பல் எலும்பு இல்லை

"பல்லும் எலும்புதான், கால்சியம் சேர்த்துக்கொண்டால் உடைந்த பல் தானே வளர்ந்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

முறிந்த எலும்பு கூடுவது அதற்குள் உயிருள்ள செல்கள் இருப்பதால். பல்லின் மேலுறையான எனாமலில் செல்களே கிடையாது. அதை உருவாக்கிய செல்கள், பல் ஈறைக் கிழித்து முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் வெறும் தாது. உடலிலேயே கடினமான பொருள்தான், ஆனால் போனால் போனதுதான். அதற்கு அடியில் மஞ்சள் சாயலில் டென்டின். நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் பல்கூழ். ஐஸ் தண்ணீர் பட்டதும் சுரீர் என்கிறதே, அந்தச் சேதி டென்டின் வழியாகத்தான் போகிறது.

சரி, துளி உண்மையும் உண்டு. ஈறோரம் பல்லின் வெளிப்பரப்பில் சொத்தையின் தொடக்கமாகத் தெரியும் வெண்புள்ளியை ஃபுளோரைடு பற்பசை மீட்கக்கூடும். குழி விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும்.