செல் ஒன்றும் முட்டை இல்லை

நேற்றிலிருந்து எல்லோரும் பகிரும் அந்த வீடியோவைப் பற்றித்தான். முட்டையை உடைத்துக் கல்லில் ஊற்றி, சூடு ஏறினால் நம் உடலின் செல்லுக்குள்ளும் புரதம் இப்படித்தான் வெந்து புரத உற்பத்தி நின்றுவிடும் என்கிறாரே, அது தவறு. சின்னத் தவறு இல்லை. செல் வெந்து நிற்பதில்லை, தானே பிரேக் போடுகிறது.

முட்டை வெள்ளை இறுக 60 டிகிரிக்கு மேல் வேண்டும். நாம் பேசுவது 42, 43 டிகிரி. அந்தச் சூட்டில் சில புரதங்கள் மடிப்புக் குலைகின்றன, உண்மைதான். ஆனால் உற்பத்தி இறங்குவதற்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. எச்ஆர்ஐ போன்ற கைனேஸ்கள் (பாஸ்பேட் ஒட்டும் நொதிகள்), புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் ஈஐஎஃப்2 என்ற புரதத்தின் ஆல்ஃபா பகுதியில், 51ஆவது அமினோ அமிலமான செரினில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. ஒட்டியதும் அது, ஈஐஎஃப்2வை மறுபடி வேலைக்குத் தயாராக்கும் ஈஐஎஃப்2பியை முடக்கிவிடும். சங்கிலியின் முதல் அமினோ அமிலமான மெத்தியோனினைச் சுமந்துவரும் டிஆர்என்ஏ, புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோமுக்கு வந்து சேருவது குறைந்துபோகும். சூடு இன்னும் கடுமையானால், எலி செல்களில் 44 டிகிரியில் 2 மணிநேரம் வைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் ரைபோசோம்கள்கூட 65ஆவது கோடான் (ஒரு அமினோ அமிலத்துக்கான மூன்றெழுத்துக் குறி) பக்கம் தேங்குகின்றன. 2013இல் காட்டிய விஷயம் இது. புதுச் சங்கிலி ரைபோசோமைவிட்டு வெளியே தலைநீட்டும் இடம் அது. அங்கே ஏந்திப் பிடிக்கவேண்டிய எச்எஸ்பி70 என்ற துணைப் புரதம், குலைந்த புரதங்களோடு மல்லுக்கட்டப் போய்விட்டது.

அந்த எச்எஸ்பி70 போய்விட்டதால்தான் மரபணுவை முடுக்கும் எச்எஸ்எஃப்1 என்ற புரதம் அதன் பிடியிலிருந்து விடுபடுகிறது. மூன்று மூன்றாகச் சேர்ந்து டிஎன்ஏவில் ஒட்டி, எச்எஸ்பி70 மரபணுவையே முடுக்கிவிடுகிறது. சூட்டில் ஸ்ப்ளைசிங், அதாவது ஆர்என்ஏவிலிருந்து இன்ட்ரான் என்ற துண்டுகளை வெட்டி நீக்கும் வேலை, தடுமாறும். அந்த மரபணுவுக்கு இன்ட்ரானே இல்லாததால் அது பாதிக்கப்படாது. எவ்வளவு அழகான ஏற்பாடு! இதையா முட்டை என்கிறோம்?

கண்ணால் பார்க்கவேண்டுமா? 42 டிகிரியில் ஒரு மணிநேரம் வைத்த ஹீலா செல்களுக்கு (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்கள்), மெத்தியோனின் இல்லாத மீடியத்தில் (செல் வளரும் திரவம்) கதிரியக்க மெத்தியோனின் கொடுத்து, புரதங்களை எடை வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள்; புதிதாகச் செய்த புரதம் மட்டும் பட்டையாகத் தெரியும். 37 டிகிரி வரிசையில் பட்டைகள் நெருக்கமாக இருக்கும். சூட்டு வரிசை வெளிறிக் கிடக்கும், ஆனால் எச்எஸ்பி70இன் எடையான 70 கிலோ டால்டன் பக்கம் கரேலென்று ஒரு பட்டை. அதே செல், அதே ரைபோசோம்கள், அதே சூடு. வெந்துபோன இயந்திரம் அந்தப் பட்டையை எப்படிச் செய்யும்?

"நாங்கள் வெஸ்டர்ன் பார்த்தோம், ஆக்டின் குறையவே இல்லையே, பிரேக்கும் கிடையாது ஒன்றும் கிடையாது" என்று சிலர் வருவார்கள். வெஸ்டர்ன் சோதனை காட்டுவது ஒரு புரதத்தின் மொத்த இருப்பை. ஆக்டின் என்ற செல் சட்டகப் புரதம் முன்பே செய்துவைத்த சரக்கு, ஒரு மணிநேரத்தில் கரையாது. புதிதாகச் செய்வதை அளக்க கதிரியக்க மெத்தியோனினோ, புதுச் சங்கிலியில் ஒட்டிக்கொள்ளும் பியூரோமைசினோ வேண்டும். இன்னொன்று: செல் வளரும் தட்டை இன்குபேட்டரில் வைத்துவிட்டு 43 டிகிரி என்று எழுதாதீர்கள். காற்று மீடியத்தைச் சூடாக்க நெடுநேரம் எடுக்கும். நீர் புகாமல் பாராஃபில்ம் சுற்றி வாட்டர் பாத்தில் இறக்கி, மீடியத்திலேயே வெப்பநிலையை அளக்கவேண்டும். ஒரு டிகிரி மாறினாலே முடிவு மாறும்.

"மக்களுக்கு எளிமையாகச் சொல்லத்தானே செய்தார்" என்பீர்கள். எளிமையாகச் சொல்லலாம், தலைகீழாகச் சொல்லக்கூடாது. "காய்ச்சல் பயத்தைப் போக்கினால் போதாதா?" 39 டிகிரிக் காய்ச்சலில் புரத உற்பத்தி இந்த அளவு தடைபடுவதே இல்லை. வீடியோ பயத்தைத்தான் கூட்டியிருக்கிறது.

"தமிழில் இவ்வளவு நுணுக்கம் எதற்கு" என்ற பின்னூட்டத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. முட்டை வரைக்கும்தான் நமக்குப் புரியும் என்று யார் முடிவு செய்தது? 1962இல் ரிட்டோசா என்ற இத்தாலிய விஞ்ஞானி பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் சூட்டால் குரோமோசோம் உப்புவதைக் கண்டு எழுதினார். உயிரியலுக்கு இதனால் என்ன என்று ஒரு இதழ் திருப்பி அனுப்பியது. அன்றும் அதே கேள்விதான்.

வீடியோ போட்டவர் இதைப் படித்தால் ஒரே வேண்டுகோள். அந்தச் செல்களை 37 டிகிரிக்குத் திருப்பிச் சில மணிநேரம் விடுங்கள். ஜிஏடிடி34 என்ற புரதத்தின் துணையோடு பாஸ்பேட் கழலும், வெளிறிய பட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். கல்லில் ஊற்றிய முட்டை அப்படித் திரும்புமா என்று அதே வீடியோவின் கீழே எழுதிவிடுங்கள்.