குளிர்சாதனப்பெட்டிச் சுருள் மின்சாரத்தைச் சேமிக்காது

பழைய குளிர்சாதனப்பெட்டியின் பின்புறச் செப்புச் சுருளைக் கழற்றி உறைபெட்டிக்குள் வைத்தால் அது மீகடத்தியாகி (மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் பொருளாகி), மின்வெட்டு நேரத்தில் வீட்டுக்கு மின்சாரம் தரும் என்றொரு செய்தி கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் பரவுகிறது. இது தவறு.

மீகடத்திச் சுருளில் மின்சக்தியைச் சேமிப்பது உண்மையான தொழில்நுட்பமே. தடையின்றி ஓடும் மின்னோட்டம் உருவாக்கும் காந்தப்புலத்தில் அச்சக்தி நிற்கிறது. ஆனால் 1911இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் விஞ்ஞானி கமர்லிங் ஒன்னெஸ் இவ்வியல்பை முதலில் கண்டது பாதரசத்தில், ஏறத்தாழ −269 பாகை செல்சியஸில். வீட்டு உறைபெட்டியோ −18 பாகையளவிலேயே நிற்கும். செப்பு, எவ்வளவு குளிர்வித்தாலும் மீகடத்தியானதாக இதுவரை அறியப்படவில்லை. அத்துடன் அந்தக் கறுப்புச் சுருள் பல பெட்டிகளில் செப்பே அல்ல, உருக்குக் குழாய்.

அதனுள் ஓடுவது மின்சாரமல்ல, குளிரூட்டும் வாயு. பெட்டியில் ஒட்டியுள்ள சீட்டைப் பாருங்கள்: ஆர்600ஏ என்றிருந்தால் அது எரியக்கூடிய ஐசோபியூட்டேன். மூடிய குசினிக்குள் அந்தக் குழாயை வெட்டினால் தீப்பற்ற ஒரு பொறி போதும் என்பதே எங்கள் பெருங்கவலை.

அச்சுருளுக்கு வேண்டியது துப்புரவு மட்டுமே. எங்கள் ஊர்ச் செம்புழுதி அதில் படிந்தால் வெப்பம் வெளியேறாமல், கொம்பிரசர் ஓயாது ஓடி மின்கட்டணம் ஏறும். பிளக்கைக் கழற்றிவிட்டு மென்மையான தூரிகையால் புழுதியைத் தட்டிவிடுங்கள். உள்ளே உறைந்த பனியைக் கத்தியால் சுரண்டாதீர்கள்.

அச்செய்தி வந்தால் மேலும் அனுப்பாமல், அனுப்பியவருக்கும் இதைத் தெரிவியுங்கள்.