மொய் நோட்டில் ஏறாத கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை கோபிசெட்டிபாளையத்தில் சித்தி வீட்டுப் புதுமனைப் புகுவிழா. வாசலில் மேசை போட்டு மாமா மொய் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் அந்த நாற்காலி அவருக்குத்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஒரு ரூபாய் பிசகாது. ஊர், பெயர், தொகை என்று மூன்று கட்டம். 1987-இல் யார் வீட்டுக் காதுகுத்துக்கு யார் 21 ரூபாய் வைத்தார்கள் என்று கேட்டால், பழைய நோட்டை எடுத்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

சித்தி மகன் அவருக்குக் காபி கொண்டுவந்தான். தம்பிக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். மாமா வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "என்னப்பா, விசேஷம் ஏதாவது உண்டா?" அவன் மழுப்பவில்லை. "இந்த வீட்டுக் கடன் தவணை இப்போதுதான் ஆரம்பிக்கிறது மாமா. இரண்டு வருடம் போகட்டும். கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றான்.

மாமா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கணக்குப் பார்த்தா பிள்ளை பெறுவார்கள்? மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்ற மாட்டானா? எங்கள் அம்மா ஐந்து பேரை வளர்க்கவில்லையா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பியின் மனைவி மட்டும் விருட்டென்று உள்ளே போய்விட்டாள். மாமா மறுபடி பேனாவை எடுத்து, அடுத்து வந்தவருடைய 501 ரூபாயைத் தொகைக் கட்டத்தில் எழுதினார்.

விசேஷ வீடு, வயதில் பெரியவர். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் திருப்பூருக்குத் திரும்பி வந்த பஸ் முழுக்க 'கணக்குப் பார்த்தா பிள்ளை பெறுவார்கள்' என்ற அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். யாராவது அவருக்குப் படித்துக்காட்டினாலும் சரி.

நான் வேலை பார்ப்பது வங்கியில், நகைக்கடன் கவுண்டரில். பதினோரு வருடமாகிறது. ஊரில் எப்போது மழை பெய்தது, எந்தச் சந்தையில் மஞ்சள் விலை இறங்கியது என்பதெல்லாம் எனக்குக் கவுண்டருக்கு வரும் கூட்டத்திலேயே தெரியும். மே கடைசியிலும் ஜூன் முதல் இரண்டு வாரத்திலும் வரும் கூட்டம் தனி. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வருவார்கள். கவுண்டருக்கு முன்னால் நின்றுகொண்டுதான் அந்தப் பெண் காதிலிருந்து தோட்டைக் கழற்றுவாள். திருகாணி இறுகியிருக்கும்; கழற்ற நேரமாகும். மதிப்பீட்டாளர் அதை உரைத்துப் பார்த்து எடை போடும் வரை அவள் காது மடலைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். சில சமயம் அந்தச் சின்னப் பொட்டலத்தில் குழந்தையின் மோதிரமும் இருக்கும், காதுகுத்துக்குத் தாய்மாமன் போட்டது. குழந்தையின் நகையை அடகு வைத்து அதே குழந்தைக்கு எல்.கே.ஜி. கட்டணம்.

கடன் விண்ணப்பத்தில் 'கடனின் நோக்கம்' என்று ஒரு வரி உண்டு. 'குடும்பச் செலவு' என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். அந்த இரண்டு சொல்லுக்குள் பள்ளிக் கட்டணமும் இருக்கிறது, வேன் கட்டணமும், சீருடையும், மழைக்காலத்தில் நெஞ்சுச் சளிக்குச் சேர்த்த மூன்று நாள் மருத்துவமனைச் செலவும் இருக்கின்றன. ஒரு வருடம் கழித்து மீட்க வருவார்கள் என்று நினைப்பேன். வட்டியை மட்டும் கட்டிவிட்டு, அதே நகையை மறுபடி வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு ஜோடித் தோட்டை அது எங்கள் பெட்டகத்துக்குள் வந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். முதலில் வைக்கும்போது பையன் யு.கே.ஜி. இப்போது ஆறாம் வகுப்பு. தோடு வெளியே வந்ததே இல்லை.

இவர்கள் யாரும் பிள்ளை பெற்றதற்காக வருந்தி நான் பார்த்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். வருத்தமெல்லாம், இவ்வளவு ஆகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லையே என்பதுதான். சொல்ல வேண்டியவர்கள் 'விசேஷம் உண்டா' என்று மட்டும் கேட்டார்கள்.

சரி, மாமா சொன்ன அந்த ஐந்து பேருக்கு வருவோம். என் அம்மச்சி பெற்றது ஏழு, தங்கியது ஐந்து. மூத்தவர் பெரியம்மா. இரண்டு ஏக்கர் மேட்டாங்காடு. மழை பார்த்த விவசாயம். அம்மச்சி விடிந்தால் களையெடுக்கவோ கடலை பறிக்கவோ போய்விடுவார். மாமா பிறந்தபோது பெரியம்மாவுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. பள்ளியை விட்டு நிறுத்திவிட்டார்கள். 1961 வாக்கில் நடந்தது இது. பள்ளிகளில் காமராசர் மதிய உணவு போட ஆரம்பித்துவிட்ட காலம். "சோறு போட்ட பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உன் மாமனுக்குச் சோறு ஊட்டினேன்" என்று பெரியம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். வாய்ப்பாடு அவருக்குப் பதினாறு வரை மனப்பாடம், இன்றைக்கும்.

இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்த அந்தத் தம்பி பாலிடெக்னிக் படித்தார், அரசு வேலைக்குப் போனார், ஓய்வூதியம் வாங்குகிறார். 'அம்மா ஐந்து பேரை வளர்த்தார்' என்கிறார். பொய் இல்லை. ஆனால் தண்ணீர் ஊற்றியது மரம் வைத்தவர் மட்டும் இல்லை. பத்து வயதுப் பெண் ஒருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவளுடைய படிப்புதான் அந்தக் குடும்பத்தின் பிள்ளை வளர்ப்புச் செலவு. பணமாகக் கைமாறாததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

எல்லாக் காலத்திலும் பிள்ளை வளர்க்கச் செலவானது. யாரோ ஒருவர் கட்டினார். முன்பு மூத்த பெண் கட்டினாள், விதவை அத்தை கட்டினாள், தன் பங்குச் சோற்றைக் குறைத்துக்கொண்ட பாட்டி கட்டினாள். கூட்டுக் குடும்பம் என்று நாம் ஏங்கிப் பேசுவதில் பாதி, சம்பளமில்லாத அந்தப் பெண்களின் உழைப்பு. இப்போது அவர்கள் இல்லாததால் அதே வேலைக்கு ரசீது வருகிறது. ரசீது வந்ததும் பயமாக இருக்கிறது.

நான் யோக்கியம் இல்லை. என் மகளுக்கு எட்டு வயது. அவள் பிறந்தபோது 26 வார மகப்பேறு விடுப்பு கிடைத்தது. 2017-இல் சட்டத்தைத் திருத்தி அப்படி உயர்த்தியிருந்தார்கள். 27-ஆவது வாரம் யார்? கணவர் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் இருக்கிறார். பிரசவத்துக்கு அவருக்குக் கிடைத்தது மூன்று நாள். மத்திய அரசு ஊழியராக இருந்திருந்தால் 15 நாள் கிடைத்திருக்கும். அதுவும் குழந்தையின் தலை நிற்பதற்குள் தீர்ந்துபோயிருக்கும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று அதே திருத்தம் சொன்னது. எங்கள் கிளையில் மொத்தமே ஒன்பது பேர்.

ஆகவே அம்மா வந்தார். ஊரில் அப்பாவைத் தனியே விட்டுவிட்டு மூன்று வருடம் எங்களோடு இருந்தார். அப்பா தானே ரசம் வைத்துக்கொண்டார், பாதி நாள் வைக்காமல் பரோட்டா சாப்பிட்டார். அந்த மூன்று வருடத்தில் அவருடைய சர்க்கரை எங்கே போய் நின்றது என்பதை இங்கே எழுத வேண்டாம். ஒரு நாள் கவுண்டரில் கூட்டமில்லாத நேரம், காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தால் மாதம் 10,000 என்றாலும் மூன்று வருடத்துக்கு 3,60,000 ரூபாய். அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது தீபாவளிக்கு ஒரு புடவை. 'ஒரு பிள்ளையை வளர்த்துக்கொண்டு வேலையையும் பார்க்கிறாளே' என்று சொந்தத்தில் எனக்குப் பேர். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது.

செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் மகள் பெயரில் கணக்குத் தொடங்கியிருக்கிறேன். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், 15 வருடம் கட்ட வேண்டும். எங்கள் கிளையில் தொடங்குபவர்களைப் பார்க்க வேண்டும், அவ்வளவு மகிழ்ச்சியாகப் பாஸ்புத்தகத்தை வாங்கிப் போவார்கள். மூன்றாம் வருடம் பார்த்தால் 250 கூட வந்திருக்காது. முதல் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்து, பலூன் வளைவு கட்டி, முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டவர்களும் அதில் இருப்பார்கள். குழந்தைக்காக ஆகும் செலவு ஒன்று; ஊருக்காக ஆகும் செலவு வேறொன்று. இரண்டாவதைக் குறைத்தால் முதலாவதில் பாதி அடைபடும். இதை என் நாத்தனாரிடம் சொல்லிவிட்டு ஆறு மாதம் பேச்சில்லாமல் இருந்தேன் என்பது தனிக்கதை.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அது எனக்கு மாமாவின் பேச்சைவிடக் கசக்கிறது. 'வசதியில்லாதவர்கள் எதற்குப் பெற்றுக்கொள்கிறார்கள்' என்று படித்தவர்கள் கேட்பது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஜூன் மாதக் கூட்டத்தைப் பார்த்து அப்படித்தான் சொன்னார். எங்கள் கிளையைப் பெருக்கித் துடைக்கும் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் அரசு மருத்துவமனையில் பிறந்தவை. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் இருக்கும் மகப்பேறு உதவி கிடைத்தது. அரசுப் பள்ளியில் மதியம் சாப்பாடு, 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அவர்கள் பள்ளிக்கும் வந்த பிறகு காலையிலும் சாப்பாடு. அக்கா முதல் பிள்ளைக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஐந்து வருடம் விட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "மூத்தவன் பள்ளிக்கூடம் போனால்தானே அம்மிணி சின்னதைப் பார்க்க எனக்குக் கை இருக்கும்" என்றார். வீட்டுக் கடனும் காரும் வைத்திருக்கும் எங்களில் எத்தனை பேர் இப்படி யோசித்தோம்? சம்பளத்தை வைத்து ஒருவருடைய பொறுப்பை அளப்பவர்களுக்கு அந்த அக்காவின் ஐந்து வருடம் தெரியாது.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு, அது சலுகை இல்லை. சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்து 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சொன்னார்கள். கேட்டோம். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. இப்போது அதுவே குறை ஆகிவிட்டது. 2024 அக்டோபரில் சென்னையில் ஒரு திருமண விழாவில், மக்கள்தொகை குறைவதால் நாடாளுமன்றத் தொகுதி குறையுமென்றால் பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்ற பேச்சை அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின் எடுத்தார். அதே நாட்களில் ஆந்திரத்தில் சந்திரபாபு நாயுடுவும் கூடுதலாகப் பெற்றுக்கொள்ளச் சொன்னார். பெரியவர்கள் 'பதினாறும் பெற்று' என்று வாழ்த்தியது பதினாறு வகைச் செல்வங்களை என்பது மேடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தொகுதிக் கவலை நியாயமானதுதான். ஆனால் மூன்றாவது குழந்தைக்கு மகப்பேறு விடுப்பு 26 வாரம் இல்லை, 12 வாரம்தான் என்று மத்தியச் சட்டம் இன்றும் வைத்திருக்கிறது. எண்ணிக்கை வேண்டும் என்பவர்கள் முதலில் 27-ஆவது வாரத்துக்கு ஒரு வழி சொல்லட்டும்.

கணக்குப் பார்க்காதே என்பவர்கள் உண்மையில் கணக்கில் மகா கெட்டிக்காரர்கள். தம்பியிடம் மாமா அடுத்துச் சொன்னது என்ன தெரியுமா? "கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்ற ஆள் வேண்டாமா?" இது கணக்கு இல்லாமல் வேறு என்ன? பிறக்காத ஒன்றின் பெயரில், அதைக் கேட்காமலே, முப்பது வருடத்துக்குப் பிறகு கட்ட வேண்டிய கடன். பெற்றவர்களைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்று 2007-இல் தனியாகச் சட்டமே போட வேண்டியிருந்தது என்றால், அந்தக் கடன் எவ்வளவு வசூலாகிறது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். எங்கள் வங்கியில் இப்படி ஒரு கடனுக்கு யாரும் ஒப்புதல் தர மாட்டார்கள்.

தம்பி இரவு பேசினான். இரண்டு வருடம் போதுமா, எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும் அக்கா என்று கேட்டான். எவ்வளவு இருந்தாலும் போதாது, கொஞ்சம் இருந்தாலும் நடந்துவிடும் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கேட்டது வேறு: குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் உங்களில் யார் லீவு போடுவது என்று இரண்டு பேரும் பேசியிருக்கிறீர்களா? அவள் வேலையை விட்டால்தான் வீடு ஓடும் என்றால், அது அவளுக்குத் தெரியுமா, இல்லை குழந்தை பிறந்த பிறகு தெரியவருமா? உன் அம்மாவை வரச்சொல்வதாக இருந்தால், உன் அப்பாவுக்கு யார் ரசம் வைப்பது? கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பிறகு, அவளையே கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டான். இந்தப் பதிவை எழுதும் வரை கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதற்கு முன் மாமாவின் தோளுக்கு மேல் எட்டி மொய் நோட்டைப் பார்த்தேன். பெரியம்மா தன் சுருக்குப் பையிலிருந்து எண்ணி எடுத்து 1,001 ரூபாய் வைத்திருந்தார், நூறு நாள் வேலையில் வந்த காசு. தொகைக் கட்டத்தில் 1,001 சரியாக இருந்தது. பெயர்க் கட்டத்தில் மாமா எழுதியிருந்தது பெரியப்பாவின் பெயர். பெரியப்பா இறந்து ஒன்பது வருடமாகிறது.