கேட்காமல் வந்த கடலை

மாப்பிள்ளை: அத்தை, அந்தக் கடலைத் தட்டை ஏன் பக்கத்து மேசைப் பக்கம் தள்ளிக்கொண்டே போகிறீர்கள்? அங்கே இருப்பவர்கள் நம்மையே பார்க்கிறார்கள்.

அத்தை: பார்க்கட்டும், மாப்பிள்ளை. நாம் நாற்காலியை இழுத்து உட்காருவதற்கு முன்பே இந்த மேசையில் வந்து உட்கார்ந்திருந்த கடலை அது. நான் அழைக்காத விருந்தாளிக்கு நான் எதற்காகச் செலவு செய்ய வேண்டும்?

மாப்பிள்ளை: சைனாடவுனில் இவ்வளவு பெரிய கேண்டனீஸ் உணவகத்தை நடத்துகிறவர்கள் ஒரு பிடி கடலைக்கா காசு கேட்கப் போகிறார்கள்?

அத்தை: நீங்கள் சிங்கப்பூருக்குப் புதிது. உணவுப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்வதுபோல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். கடலை 2 வெள்ளி 50 காசு. அதன் மேல் சேவைக் கட்டணம் பத்து விழுக்காடு. இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் பொருள் சேவை வரி ஒன்பது விழுக்காடு. ஆக, தட்டில் கிடப்பது முழுதாக 3 வெள்ளி.

மாப்பிள்ளை: அப்படியென்றால் ஒவ்வொரு விலைக்குப் பக்கத்திலும் போட்டிருக்கும் இரண்டு கூட்டல் குறிகள் அலங்காரத்துக்கு இல்லையா?

அத்தை: ஒரு கூட்டல் கடைக்கு, இன்னொரு கூட்டல் அரசாங்கத்துக்கு. நமக்கு உரியது கழித்தல் குறி. அதை அச்சடிக்க மறந்துவிடுகிறார்கள். 1994இல் மூன்று விழுக்காடாக வந்த வரி 2024இல் ஒன்பதாகிவிட்டது என்றாலும், அதையாவது நாடாளுமன்றத்தில் பேசிவிட்டு ஏற்றினார்கள். இந்தக் கடலை எந்த மன்றத்தில் நிறைவேறியது?

(மேசையை இரண்டு விரல்களால் தட்டுகிறார். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த வயதான பணிப்பெண் முகம் மலர்ந்து, தலையசைத்துவிட்டுப் போகிறார்.)

அத்தை: ஏன் சிரித்துவிட்டுப் போகிறார்? கடலையை எடுக்கச் சொல்லித்தானே தட்டினேன்?

மாப்பிள்ளை: தேநீர் ஊற்றியவருக்கு இப்படித் தட்டித்தான் இங்கே நன்றி சொல்வார்கள், அத்தை. மாறுவேடத்தில் ஊர் சுற்றிய சீனப் பேரரசர் தம் பணியாளுக்குத் தாமே தேநீர் ஊற்றினாராம். விழுந்து வணங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் அந்த ஆள் விரல்களை மடக்கி மேசையில் தட்டினார் என்று கதை சொல்வார்கள்.

அத்தை: அந்தப் பேரரசர் தேநீருக்குத் தலைக்கு 2 வெள்ளி வாங்கினாரா என்பது கதையில் வருகிறதா?

(எவ்வளவு இலை போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கத் தேநீர்க் குடுவையின் மூடியைத் திறக்கிறார். பணிப்பெண் ஓடிவந்து வெந்நீர் நிரப்புகிறார்.)

மாப்பிள்ளை: மூடியைத் திறந்து வைத்தால் வெந்நீர் கேட்பதாக எடுத்துக்கொள்வார்கள். அதற்குக் காசு இல்லை.

அத்தை: இல்லையா? அப்படியானால் திறந்தே இருக்கட்டும்.

(கடலைத் தட்டைச் சுட்டிக்காட்டி, கொண்டுபோகும்படி கையசைக்கிறார். பணிப்பெண் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்து, கடலையைப் பக்குவமாக அதில் கொட்டி, மூடி, அத்தையின் கைப்பைக்குப் பக்கத்தில் வைக்கிறார்.)

மாப்பிள்ளை: வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்கிறீர்கள் என்று நினைத்துவிட்டார். பெட்டிக்கு 30 காசு.

அத்தை: அதன் மேல் பத்து, அதன் மேல் ஒன்பது. என் அப்பா ரெக்ஸ் கொட்டகை வாசலில் கச்சாங் பூத்தே விற்றவர், மாப்பிள்ளை. பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டி, எந்தக் கடலை வேண்டும் என்று கேட்டுத்தான் கொட்டுவார். படம் பார்க்க வந்தவர் மடியில் ஒரு பொட்டலத்தைப் போட்டுவிட்டு, இடைவேளையில் வந்து காசு கேட்டிருந்தால் அவரைச் சும்மா விட்டிருப்பார்களா?

மாப்பிள்ளை: இரண்டு மூன்று வெள்ளிக்காக இவ்வளவு பேச வேண்டுமா? இதோ, ஹார் காவ் வந்துவிட்டது.

(மூங்கில் கூடையின் மூடி திறக்கிறது. ஆவி விலகியதும், மெல்லிய மாவுத் தோலுக்குள் இறாலின் இளஞ்சிவப்பு தெரிகிறது. அத்தை ஒன்றைத் தோல் கிழியாமல் தாளிலிருந்து பிரித்தெடுத்துச் சாப்பிட்டு, சற்று நேரம் பேசாமல் இருக்கிறார்.)

அத்தை: இதற்கு எவ்வளவு போட்டாலும் நான் வாய் திறக்க மாட்டேன். நாம் கேட்டோம், அவர்கள் செய்தார்கள், நன்றாகச் செய்திருக்கிறார்கள். சின் சுவீ ரோட்டில் 1974 முதல் நடக்கும் ரெட் ஸ்டார் உணவகத்தில் கூடைகளை இன்னமும் தள்ளுவண்டியில் கொண்டுவருகிறார்கள். மூடியைத் திறந்து காட்டுவார்கள், வேண்டாம் என்று தலையை ஆட்டினால் வண்டி அடுத்த மேசைக்குப் போய்விடும். கடலைக்கும் ஒரு வண்டி வைத்தால் என்ன?

மாப்பிள்ளை: சேவைக் கட்டணத்தையாவது குறை சொல்லாதீர்கள், அத்தை. பாவம், அந்த அம்மாள் எவ்வளவு ஓடுகிறார்.

அத்தை: அந்தப் பத்து விழுக்காடு அவருக்குத்தான் போகிறது என்று யார் சொன்னார்கள்? அதை ஊழியரிடம் கொடுத்தாக வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. எழுபது வயதில் வெந்நீர்க் கெண்டியோடு ஓடுகிறவரின் பெயரைச் சொல்லி வாங்குகிறார்கள். அவர் கையில் என்ன கொடுக்கிறார்கள் என்பது அந்த எறும்பு எழுத்தில்கூட இல்லை.

(ரசீது வருகிறது. அத்தை மேலாளரை அழைத்து விரலை வைத்துக் காட்டுகிறார். மேலாளர் ரசீதை எடுத்துப் போய், புதிதாக ஒன்றை அச்சடித்துக் கொண்டுவருகிறார்.)

மாப்பிள்ளை: மறுபேச்சில்லாமல் கடலையை எடுத்துவிட்டார்கள்! பெட்டி மட்டும்தான் நிற்கிறது.

அத்தை: நிற்கட்டும். இரண்டு பேர் வந்தாலும் கூடைக்கு மூன்று என்பதுதான் இவர்கள் கணக்கு. கடலையைத் தட்டிலேயே கொட்டிவிட்டு, அந்த மூன்றாவது ஹார் காவை எடுத்துப் பெட்டியில் வையுங்கள். என் மகள் ஆசையாகச் சாப்பிடுவாள்.

மாப்பிள்ளை: நீங்கள் மேலாளரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அதை நான் சாப்பிட்டுவிட்டேன், அத்தை.

அத்தை: அப்படியானால் பெட்டி உங்கள் கணக்கு, மாப்பிள்ளை. அதன் மேல் பத்து, அதன் மேல் ஒன்பது.